கீஸர் சொட்டினால் வாயை அடைக்காதீர்கள்!

எங்கள் வீட்டுக் கீஸர் அழ ஆரம்பித்தது, என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம்.

மதுரையில் எங்களுடையது மூன்றாவது மாடி ஃப்ளாட். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறோம். தலைக்கு மேலேயே தண்ணீர்த் தொட்டி இருந்தும் ஷவரைத் திறந்தால் நூல் நூலாகத்தான் விழும். தொட்டி பக்கத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக வரும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பாம்! தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு ‘பார்’ என்று கணக்கு. எங்களுக்குக் கிடைத்தது மூன்று மீட்டர், அதாவது கால் பாருக்குக் கொஞ்சம் மேலே. கீழ் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

“பச்சை உடம்புக்காரி வர்றா, பேரப்பிள்ளை வருது, இந்தத் தண்ணியை வச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்று என் வீட்டுக்காரர் ஒரு பிரஷர் பம்ப் வாங்கி மாட்டிவிட்டார். ஷவர் பீய்ச்சி அடித்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

மூன்றாம் நாளே கீஸருக்கு அடியில் இருக்கிற பித்தளை வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சுவிட்சைப் போட்டுக் கால் மணி நேரம் ஆனதும் ஆரம்பிக்கும். சூடாகி சிவப்பு விளக்கு அணைந்ததும் நின்றுவிடும். குழந்தையைக் குளிப்பாட்ட வருகிற பாட்டி கீஸருக்கு நேர் கீழேதான் காலை நீட்டி உட்காருவார். அவர் முதுகில் டொக் டொக்கென்று விழுந்தது.

பிளம்பரைக் கூப்பிட்டோம். வந்த தம்பி அண்ணாந்து பார்த்தார். “ஒண்ணுமில்லம்மா, வால்வு லீக்கு. ஒரு டம்மி போட்டு அடைச்சிட்டாப் போச்சு” என்றார். அடைத்தும் விட்டார். அவருக்கு டார்ச் பிடித்துக் கொடுத்த புண்ணியவதி நானேதான்! சொட்டு நின்றது. காசைக் கொடுத்து, காப்பியும் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலையில் பாட்டி வந்தார். வால்வைப் பார்த்தார். உட்கார மாட்டேன் என்றுவிட்டார்.

“ஏந்தாயி, உலை கொதிக்கிறப்ப மூடியை இறுக்கி அடைப்பாளா எவளாவது? வெந்நித் தண்ணிப் பொட்டியை அடைச்சு வச்சுட்டு, பச்சப் புள்ளைய அதுக்குக் கீழ போட்டுக் குளிப்பாட்டச் சொல்றீயே!”

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஷவரும் பம்ப்பும் இவருக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் நினைத்தேன் (எழுதவே கூச்சமாக இருக்கிறது). ஆனாலும் வயசில் மூத்தவர் சொல்லைத் தட்டக் கூடாதென்று குளியலைப் பின்கட்டு வராந்தாவுக்கு மாற்றினோம். வாளியில் வெந்நீர் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையாயிற்று.

ஒன்பதாம் நாள் ராத்திரி பாத்ரூமிலிருந்து ‘பட்’டென்று ஒரு சத்தம். உடனே வீடு இருட்டாகிவிட்டது. டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், கீஸரின் அடிமூடி வழியாக வெந்நீர் சர்ரென்று நாலாபக்கமும் தெறித்துக்கொண்டிருக்கிறது. பாட்டி வழக்கமாக உட்காருகிற இடம் முழுக்க ஆவி! மெயின் போர்டில் கசிவு மின்சாரத்தைத் தடுக்கிற ஆர்.சி.சி.பி. தானாக விழுந்திருந்ததால் மேற்கொண்டு விபரீதம் நடக்கவில்லை.

காலையில் கீஸர் மெக்கானிக் வந்தார். மூடியைக் கழற்றி, பிய்ந்துபோன ரப்பர் கேஸ்கெட்டைக் கையில் எடுத்துக் காட்டினார். “இது பிஞ்சது உங்க நல்ல நேரம்மா. இது தாங்கியிருந்தா டாங்க்கே பிஞ்சிருக்கும்” என்றார். அடைத்த டம்மியைக் காட்டி, “இதை யார் பண்ணது?” என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன்.

அன்றைக்கு அவர் சொன்னதையும், பிறகு நானாகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். ஷவருக்காகப் பம்ப் மாட்டுகிற வீடுகள் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இந்தத் தடவை இந்த விஷயம்.

இட்லி மாவை ஆட்டி வைக்கும்போது பாத்திரம் நிறைய வைக்கிறோமா? பொங்குவதற்கு இடம் விட்டுத்தானே வைக்கிறோம்! தண்ணீரும் சூடானால் பொங்கும். கொதித்து வழிகிறதைச் சொல்லவில்லை. கொதிப்பதற்கு முன்னாலேயே பருமனில் பெருகுகிறது. 25 டிகிரியில் இருக்கிற 100 லிட்டர் தண்ணீர் 65 டிகிரிக்கு வந்தால் கிட்டத்தட்ட 101.7 லிட்டர் ஆகிவிடும். 25 லிட்டர் கீஸரில் இந்தப் பெருக்கம் 400 மில்லிக்குச் சற்று மேலே, அதாவது நம் காப்பி டம்ளரில் இரண்டு டம்ளர். ஆனால் கீஸர் எப்போதும் வாய்வரை நிறைந்தே இருக்கும். அதில் இட்லி மாவுக்கு விடுகிற மாதிரி இடம் கிடையாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த இரண்டு டம்ளர் எங்கே போகும்?

பம்ப் போடுவதற்கு முன்னால் அது வந்த வழியே திரும்பி, குழாய் வழியாக மேல் தொட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. எங்கள் பழைய கீஸரில் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. அதனால் எங்களுக்கு அது தெரியவும் இல்லை. பம்ப் மாட்டினதும் வழி அடைபட்டது. பம்ப்பின் வாயில் தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று இருக்கிறது. பெருகிய தண்ணீர் முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் போக முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. அழுத்தம் ஏறி ஏறி வால்வின் அளவைத் தொட்டதும், வால்வு லேசாகத் திறந்து சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. எங்களுடைய வால்வில் 8 பார் என்று பொறித்திருக்கிறது. ஆக, அது லீக்கே இல்லை. வால்வு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நாங்கள்தான் அதன் வாயைக் கட்டிப் போட்டோம்.

பிரஷர் குக்கரின் வெயிட்டை யாராவது கம்பி போட்டுக் கட்டுவோமா? கீஸரில் இன்னும் ஒரு படி அபாயம் அதிகம். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் கெட்டு, அதற்குத் துணையாக இருக்கிற கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால், தண்ணீர் 100 டிகிரியையும் தாண்டிச் சூடாகும். அடைத்த டாங்க்குக்குள் அது தண்ணீராகவே இருக்கும். டாங்க் விரிசல் விட்ட நொடியில் அதில் ஒரு பங்கு குபீரென்று ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும் என்றால், ஒரு சின்ன பாத்ரூமில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக் கீஸர் சொட்டினால் முதலில் எப்போது சொட்டுகிறது என்று பாருங்கள். சூடாகும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றால் அது பெருக்கத் தண்ணீர், பயமில்லை. ஒரு டம்ளரை அடியில் வைத்து அளந்து பார்க்கலாம். எங்கள் 25 லிட்டர் கீஸருக்கு ஒன்றரை டம்ளர் வந்தது. சுவிட்சே போடாமல் ராத்திரி பகலாகச் சொட்டினால் விஷயம் வேறு. வால்வுக்குள் மண்ணோ சுண்ணாம்போ சிக்கியிருக்கும், அல்லது உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகமாயிருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் சுண்ணாம்பு ஏறுவது சகஜம். கீஸரை அணைத்து, தண்ணீர் ஆறின பிறகு வால்வின் சின்னக் கைப்பிடியைத் தூக்கிவிட்டால் கொஞ்சம் தண்ணீர் பாய்ந்து கசடு வெளியே வரும். அப்படியும் நிற்காவிட்டால் புது வால்வு மாற்றுங்கள். பதினைந்து மாடிக் கட்டிடத்தில் கீழ் வீடுகளுக்கு உயரத்தினாலேயே நாலரை பார் அழுத்தம் வரும். அங்கே அழுத்தம் குறைக்கும் வால்வு தேவைப்படலாம். எந்த நிலையிலும் சொட்டுகிற ஓட்டையை அடைக்கக் கூடாது. அதில் ஒரு சின்னக் குழாயைச் செருகித் தரை ஓரம் வரை கீழ்நோக்கி இறக்குங்கள். அதன் முனை திறந்தே இருக்கட்டும், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். முக்கியமாக, பிள்ளைகள் உட்காரும் இடத்தில் விழக் கூடாது.

பல வீடுகளுக்கு இந்தக் குழாய் ஒன்றே போதும். பம்ப் இல்லை, மேல் தொட்டித் தண்ணீர்தான் என்றாலோ, சமையலறையில் இருக்கிற 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீஸர் என்றாலோ, இனிமேல் நான் சொல்லப்போவது தண்டச் செலவு. 3 லிட்டரில் பெருகுவது மூன்று நாலு ஸ்பூன்தான்!

பம்ப்பும் உண்டு, 15 லிட்டருக்கு மேல் கீஸரும் உண்டு, தினம் நாலு தடவை சூடாக்குகிறோம் என்கிறவர்களுக்குத்தான் ‘எக்ஸ்பான்ஷன் வெஸல்’. சிலர் எக்ஸ்பான்ஷன் டாங்க் என்பார்கள். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். பூசணிக்காய் மாதிரி ஒரு சின்ன இரும்புக் கலம். உள்ளே ஒரு ரப்பர் பை. பைக்கு ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் காற்று. பெருகுகிற தண்ணீர் இதற்குள் போய்க் காற்றை அமுக்கிக்கொண்டு உட்காரும். குழாயைத் திறந்ததும் வெளியே வந்துவிடும். இட்லி மாவுக்கு விட்ட இடம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்! இதனால் சொட்டு நிற்கும். தினம் தினம் டாங்க் புடைத்துச் சுருங்குவது குறையும். வால்வும் ஓயாமல் திறந்து சுண்ணாம்பு பிடிக்காது.

எத்தனை லிட்டர் வாங்குவது? நாங்கள் கணக்குப் போட்டது இப்படி. எங்கள் பம்ப் நிற்கும்போது குழாயில் 3 பார். கீஸருக்குள் 6 பாருக்கு மேல் போக விடக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். 3 பாரில் ஒரு லிட்டராக இருக்கிற காற்று 6 பாருக்கு நசுங்கினால் சுமார் 570 மில்லி ஆகும். மிச்சம் 430 மில்லி, நம்முடைய இரண்டு டம்ளருக்குச் சரியாக இருக்கும். ஆக, ஒரு லிட்டர் கலமே மட்டுமட்டாகப் போதும். மட்டுமட்டு வேண்டாமென்று 2 லிட்டர் வாங்கினோம். இப்போது அழுத்தம் 4 பாரோடு நின்றுவிடுகிறது. பம்ப் 3 பாருக்குள் இருக்கும் வீடுகளில் 25 லிட்டர் வரை 2 லிட்டர் கலமும், 50 லிட்டருக்கு 5 லிட்டரும், 100 லிட்டருக்கு 8 லிட்டரும் வைத்தால் நிம்மதி. பெரிதாகப் போனால் பணம்தான் கூட ஆகும், கெடுதல் இல்லை. சிறிதாகப் போனால் மறுபடியும் சொட்டும்.

கடையில் கேட்க வேண்டியது, ரப்பர் பை குடிதண்ணீருக்கு ஏற்றதுதானா, எத்தனை பார், எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பது. கலத்தின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டிலேயே இதெல்லாம் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடுங்கள். அது தாங்கும் அழுத்தம் உங்கள் சேஃப்டி வால்வின் அளவுக்குக் குறையக் கூடாது. கலரைப் பார்த்து வாங்காதீர்கள். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்குகிற மூடிய குழாய்களுக்கென்று செய்கிற கலங்களும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அவை நாம் புழங்குகிற தண்ணீருக்கானவை அல்ல.

“பம்ப்போடயே ஒரு டாங்க் வந்திருக்கே, அது போதாதா?” என்று எதிர் வீட்டுத் தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. அதுவும் இதே ஜாதிதான். அதற்கும் கீஸருக்கும் நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வு எதுவும் இல்லையென்றால் போதும். ஆனால் இப்போது வருகிற கீஸர்களின் பித்தளை வால்வுக்குள்ளேயே நான்-ரிட்டர்னும் சேர்ந்தே இருக்கிறது. வெந்நீர் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குள் வராமலும், தொட்டி காலியானால் கீஸர் காலியாகாமலும் அதுதான் காப்பாற்றுகிறது. அதைக் கழற்றிப் போடச் சொல்ல மாட்டேன். அந்த வால்வு இருக்கிற வீட்டில் பம்ப்போடு வந்த டாங்க் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி. கீஸருக்குப் பிரயோஜனப்படாது.

எங்கள் மெக்கானிக் புதுக் கேஸ்கெட் போட்டு, பழைய வால்வைத் தூக்கி எறிந்து, நான்-ரிட்டர்னும் சேர்ந்த புது வால்வு மாட்டினார். அந்த வால்வுக்கும் கீஸருக்கும் இடையில் ஒரு ‘டீ’ போட்டு, அதிலிருந்து கலத்துக்குக் குழாய் எடுத்தார். இடம் மாறினால் கலம் வாங்கினதே வீண். பச்சைத் தண்ணீர் நுழைகிற பக்கம்தான் வைக்க வேண்டும், நீல வளையம் இருக்கிற பக்கம். சிவப்புப் பக்கத்துச் சூட்டில் ரப்பர் சீக்கிரம் போய்விடும். கீஸர், சேஃப்டி வால்வு, கலம் இந்த மூன்றுக்கும் நடுவில் மூடித் திறக்கிற குழாய் எதுவும் வைக்க விடாதீர்கள். யாராவது தெரியாமல் மூடிவிட்டால் மறுபடி பழைய கதைதான். கலத்தைக் குழாயிலேயே தொங்க விடாமல் சுவரில் கிளாம்ப் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். சுவிட்ச், வயர் பக்கம் வேண்டாம். ஸ்டூல் போட்டு ஏறினால் கை எட்டுகிற இடமாக இருக்கட்டும். காரணம் அடுத்து வருகிறது.

கலத்தின் அடியில் சைக்கிள் டியூபில் இருப்பது மாதிரியே காற்று அடிக்கிற வாய் ஒன்று இருக்கிறது. பல பேர் இதைக் கவனிப்பதே இல்லை. கம்பெனியில் ஏதோ ஓர் அளவு காற்று அடித்து அனுப்புவார்கள், அதை அப்படியே மாட்டிவிடக் கூடாது. பம்ப் நிற்கும்போது நம் குழாயில் என்ன அழுத்தமோ, அதே அளவு காற்று கலத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு 3 பார். டயர் கடைக் கணக்கில் 43 பவுண்டு. கார் டயருக்கு அடிக்கிறதைவிடக் கொஞ்சம் கூட. சைக்கிள் பம்ப்பிலேயே அடித்துவிடலாம். ஆனால் கலத்தில் தண்ணீர் அழுத்தம் இல்லாதபோதுதான் அளக்க வேண்டும். கீஸரை அணைத்து ஆறவிட்டு, உள்ளே வரும் தண்ணீரை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டு, பிறகு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அமுக்குகிறதையும் சேர்த்துக் காட்டி மீட்டர் ஏமாற்றும்.

வருஷத்துக்கு ஒரு தரம் இப்படிப் பார்த்துவிடுங்கள். நான் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கிற வாரத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். காற்று வாயை லேசாக அமுக்கும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சில கலங்களில் பையை மட்டும் மாற்றலாம், சிலவற்றில் கலத்தையே மாற்ற வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கலம் மாட்டியாயிற்று, இனி சேஃப்டி வால்வு எதற்கு என்று எந்த பிளம்பராவது சொன்னால், தயவுசெய்து காப்பி கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்! கலம் தினசரிப் பெருக்கத்தைத்தான் தாங்கும். தெர்மோஸ்டாட் கெட்டுப் போகிற அன்றைக்கு நம்மைக் காப்பாற்றுவது வால்வுதான். புதுக் கீஸர் வாங்குகிறவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேல் ஐ.எஸ். 2082 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் ஒழுங்கான எர்த்தும் இல்லாத வீட்டில் முதல் செலவு அதற்குத்தான், கலமெல்லாம் அப்புறம்.

கைக்குழந்தை இருக்கிற தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. கீஸரில் 60 டிகிரியில் இருக்கிற தண்ணீர் பெரியவர்கள் தோலையே ஐந்தாறு விநாடியில் புண்ணாக்கிவிடும். குழந்தைத் தோல் அதைவிட மெல்லிசு. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், நன்றாகக் கலக்கிவிட்டு முழங்கையை வைத்துப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. உடம்புச் சூடான 37 டிகிரிதான் கணக்கு. குழந்தை கையில் இருக்கும்போது வெந்நீர்க் குழாயைத் திறக்கவே வேண்டாம்.

பாட்டிக்கு வருவோம். எல்லாம் சரியானதும் அவரைக் கூப்பிட்டு, புதுக் கலத்தைக் காட்டி, “இனிமே பயமில்ல, இங்கேயே உக்காருங்க” என்றேன். சொட்டுகிற குழாய் தரை ஓரம் வரை இறங்கியிருப்பதைத் தொட்டுப் பார்த்தார். அதன் வாய் திறந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அப்புறமும், “வராந்தால வெயிலு நல்லா வருது தாயி, அங்கயே ஆகட்டும்” என்றுவிட்டார். பேரன் மூன்றாம் மாசம் ஊருக்குப் போகும் வரை வாளி தூக்கும் வேலை எனக்குத்தான்.

மொட்டை மாடியில் கண்ணாடிக் குழல் சோலார் வைத்திருப்பவர்கள் “எங்களுக்கும் இந்தக் கலம் வேணுமா?” என்று கேட்பீர்கள். தொட்டித் தண்ணீரில் ஓடுகிற சாதாரண சோலாருக்கு வேண்டாம். அதன் டாங்க்கிலிருந்து மேலே ஒரு மெல்லிய குழாய் வாய் திறந்தபடி நிற்கும். பெருகுகிற தண்ணீரும் ஆவியும் போகிற வழி அதுதான். பூச்சி போகிறதென்று அதில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் மாதம் ஒரு தரம் வடகம் காயப் போடப் போகும்போது ஒரு பார்வை பார்த்து வாருங்கள்.